அசுந்தா வீட்டுப் பந்தி

ஜெர்மனியில், எசன் நகரத்து மாலைக் கல்லூரியில் சிதம்பரம் ஸ்லைடு படம் காட்டுகிற அன்று நாற்காலி போதாது. பகலில் அவருக்கு உருக்கு ஆய்வுக்கூடத்தில் இரும்பை உடைத்துப் பார்க்கிற வேலை. 1963-இல் திருநெல்வேலியிலிருந்து படிக்க வந்தவர், நாலு வருடம் இத்தாலியத் தொழிலாளிகளோடு ஒரே விடுதியில் இருந்ததில் அவர்கள் பாஷையும் ஒட்டிக்கொண்டது. அதை நம்பித்தான் கல்லூரிக்காரர்கள் ஈஸ்டர் விடுமுறைதோறும் நாற்பது ஜெர்மானியர்களை பஸ்ஸில் ஏற்றி, இத்தாலியின் சியேனா மாகாணத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லி அவரை அனுப்பினார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் படம் போட்டு ஊர்களை அறிமுகம் செய்வதும் அவர் பொறுப்பு. களிமண் குன்றுகளையும் பழைய கோட்டைகளையும் அவர் சொல்லக் கேட்டால் அந்த ஊரிலேயே பிறந்தவர் என்று தோன்றும்.

முதல் பயணத்தில், 1968-இல், ஒரு குன்றடியில் பஸ் டயர் வெடித்தது. மற்றவர்கள் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைப் பிரித்தார்கள். சைவப் பிள்ளையான சிதம்பரம் பட்டினியாக ஓரமாய் நின்றார். மேலே தனி வீட்டிலிருந்த அசுந்தா என்ற விதவை அதைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வெள்ளை மொச்சையும் பழைய ரொட்டியும் போட்டுக் காய்ச்சிய சாறு, மேலே பச்சை ஆலிவ் எண்ணெய். சாப்பிட்டு முடித்துக் காசை எடுத்தபோது ஈரக் கையால் தள்ளிவிட்டாள். மனிதர் அந்த உபசரிப்பில் அங்கேயே விழுந்துவிட்டார்.

அடுத்த வருடம் நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அசுந்தா பஸ்ஸை ஒரு கணம் பார்த்தாள், பிறகு உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அதிலிருந்து அவள் வீடும் சியேனா மாகாணத்தின் சிறப்புகளில் ஒன்றாகிவிட்டது. படம் காட்டும்போது அவள் படத்தை நிறுத்தி, "இங்கே காசை மட்டும் நீட்டாதீர்கள். கை நனைத்த வீட்டில் விலை பேசினால் அவமானம்" என்பார். சொன்னதைக் கேட்பதில் ஜெர்மானியர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாலு வருடம் ஒருவர்கூட ஒரு காசு வைக்கவில்லை.

அவர் மனைவி வேதவல்லி மட்டும் ஒருமுறை கேட்டாள்: "ஏங்க, நாப்பது பேருக்கு அந்தம்மா ஒருத்தியாவா ஆக்குறாங்க?"

"அவங்களுக்கு அதுல ஒரு சந்தோஷம்."

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு இருக்கு நீங்க செய்யறது."

அவர் சிரித்துக்கொண்டார். அன்று சிரிக்காமல் யோசித்திருக்கலாம்.

1973 மார்ச்சில் படம் முடிந்து எல்லோரும் போனபிறகு, கடைசி வரிசையில் ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். பெயர் ரெமோ. பக்கத்து நகரமான வுப்பர்டாலில் சாயப்பட்டறை வேலை.

"படத்துல இருக்கறது எங்க அம்மா" என்றான் இத்தாலிய மொழியில். "அடுத்த அறுவடை வரைக்கும் வேணுங்கற எண்ணெயும் மொச்சையும் உங்க பஸ் வந்துட்டுப் போனா பாதியாயிடுது. போன வருஷம் ஆட்டையும் வித்துட்டா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"வாசல்ல வந்து நிக்கறவங்ககிட்ட எப்படிச் சொல்றது? உங்க ஊர்ல சொல்லுவாங்களா?"

இனிமேல் காசு கொடுத்துவிடுகிறோம் என்றார் சிதம்பரம். அவள் வாங்கமாட்டாள் என்றான் ரெமோ. தான் வந்து சொன்னதும் அவளுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டு போனான்.

அந்த ஈஸ்டருக்கு பஸ் கீழ்ச் சாலையில் போனது. இந்த வருடம் வரவில்லை என்று ஒரு கார்டு போடத்தான் நினைத்தார். காரணம் என்ன எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தினார். சொல்லாமல் ஒதுங்கிவிடுவதே மரியாதை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கீழிருந்து பார்த்தபோது அவள் வீட்டுப் புகைபோக்கியில் அடர்த்தியாகப் புகை தெரிந்தது. சிதம்பரம் தலையைக் குனிந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் ரெமோ எசனில் அவர் வீட்டுக்கே வந்தான். சட்டைக் கையில் கறுப்புத் துணி. அம்மா மே மாதம் போய்விட்டாள், நெஞ்சுவலி.

"நீங்க வருவீங்கன்னு தொழுவத்துப் பலகையெல்லாம் எடுத்துப் போட்டுச் சமைச்சு வச்சிருக்கா. பொழுது சாயற வரைக்கும் ரோட்டுல நின்னிருக்கா. அதுக்கப்புறம் எனக்கு எழுதின லெட்டர்ல எல்லாம் ஒரே கேள்விதான். போன வருஷம் சாறுல உப்பு கூடிப்போச்சா, அதான் வரலையான்னு."

அவனைக் குறை சொல்ல சிதம்பரத்துக்கு வாய் வரவில்லை. கூட்டிப்போனதும் அவர், கூட்டிப்போகாததும் அவர். அவன் வேதவல்லி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு ரயிலுக்குப் போனான். சிதம்பரம் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டம்ளரை எடுக்க வந்த வேதவல்லி மெதுவாகக் கேட்டாள்: "கூடியா இருந்துச்சு?"

"இல்ல" என்றார். "சரியாத்தான் இருந்துச்சு."