ஹீட்டருக்கு அடியில் ஓர் எஞ்சினியர்

போன வாரம் எங்கள் ரூமுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. நான் பாத்ரூமில் இருந்தேன் — தலையெல்லாம் சோப்பு.

குவைத்தின் ஃபர்வானியாவில் பேச்சிலர் ரூமில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். சோதனைக்கு ஆள் வருகிறது என்று வாட்ச்மேன் போன் அடிப்பார். உடனே எல்லோரும் பின்படி வழியாக டீக்கடைக்கு நழுவிவிடுவோம். ரூமில் இருக்க வேண்டியதைவிட ஆள் அதிகம்... வேறென்ன?

அன்றும் போனார்கள். அவசரத்தில் வாசல் கதவைப் பூட்ட மறந்தார்கள். என்னையும் மறந்தார்கள். வாயே திறக்காத ஆளுக்குக் கிடைக்கும் மரியாதை அது!

பாத்ரூம் கதவு தட்டப்பட்டது.

“பாய், கோலோ! ஹீட்டர் தேக்னா ஹை.”

குளிர்காலம் தொடங்கியதால் கட்டடத்தின் வாட்டர் ஹீட்டர்களைப் பார்க்க வந்த எகிப்துக்காரர். நான் மூச்சை அடக்கி நின்றேன். பேசாமல் இருந்தால் போய்விடுவார் அல்லவா? ஆனால் வாளி நிரம்பி, சோப்புத் தண்ணீர் கதவுக்கு அடியில் அவர் ஷூவைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

என் பயத்துக்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. அந்த ஹீட்டரில் என் கைவேலை ஒன்று இருந்தது.

அதன் அடியில் உள்ள சின்ன வால்வு, தண்ணீர் சூடாகும்போதெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும். ரூமில் யாருக்கும் தூக்கமில்லை. ஒரு ஸ்க்ரூவில் டேப் சுற்றி அந்த ஓட்டையில் திருகி அடைத்துவிட்டேன். சொட்டு நின்றது. அன்றிலிருந்து ரூம்மேட் சிராஜ் பாய்க்கு நான் ‘எஞ்சினியர்’. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்தப் பட்டம் எப்படி இனித்திருக்கும்! “தண்ணி இப்பல்லாம் கொதிக்கக் கொதிக்க வருது, எஞ்சினியரே” என்று வேறு புகழ்ந்தார். அதற்கும் நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

துண்டைக் கட்டிக்கொண்டு திறந்தேன். எகிப்துக்காரர் நிமிர்ந்து ஸ்க்ரூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நேராகப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். வெந்நீர்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை; ஆவிதான் சீறியது.

“யே கோன் கியா?” யார் செய்த வேலை இது என்று கேட்டார்.

“மாலூம் நஹி” என்றேன். தெரியாதாம்! வாயில் நுரை வேறு.

அவர் கோபப்படவில்லை. சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் பாகம் கெட்டுப்போயிருக்கிறது; மிஞ்சும் அழுத்தம் வெளியேற இருந்த ஒரே வழி அந்த ஓட்டை என்று விளக்கினார். கடைசியில் அரபியும் இந்தியும் கலந்து ஒரு வார்த்தை: “ஹீட்டர் மாஃபி. யே பாம் ஹை.”

ஹீட்டர் இல்லை, குண்டு. அதற்கு அடியில் நின்றுதான் தினமும் தலைக்குக் குளித்திருக்கிறேன்.

புது ஹீட்டர் மாட்டும்வரை இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்களை எண்ணவே இல்லை.

டீ வாசனையோடு திரும்பிய சிராஜ் பாய், “என்ன எஞ்சினியரே, தப்பிச்சோமா?” என்றார்.

“தப்பிச்சோம் பாய்” என்றேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறு. பிறகு விஷயத்தைச் சொன்னதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “அட பாவி மனுசா, ஆறு பேரும் ஒண்ணா ஊருக்குப் போயிருப்போமே... பெட்டியில!”

நம்மைப் பிடிக்க வருகிறார் என்று யாரைப் பார்த்து ஓடினோமோ, அவர் வராமல் இருந்திருந்தால்?

புது ஹீட்டர் வந்துவிட்டது. சொட்டுகிறது. சொட்டட்டும். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு நான் எங்கும் ஓடப்போவதில்லை — சட்டை மட்டும் போட்டுக்கொள்வேன்.