பால்கனிக் கயிறும் பேஸ்மேக்கர் ஒயரும்

பர்மாவில், லத்தா பேட்டையில் எங்கள் வீடு ஐந்தாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. அதனால் தெருவில் எல்லா வீட்டுக்கும் உள்ளதுபோல எங்கள் பால்கனியிலும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேலே ஒரு மணி. மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் விற்கும் அம்மா காலைப் பொட்டலத்தை மாட்டிவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். மணி அடித்ததும் நான் இழுப்பேன்.

இடது மார்பில் பேஸ்மேக்கர் வைத்த பிறகு, படி ஏறினால் இதயத்துக்கு ஆகாது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. மொஹிங்கா வந்த கயிற்றில் அரிசியும் எண்ணெயும் தண்ணீர்க் கேனும் ஏற ஆரம்பித்தன. எனக்கு இடக்கைதான் வாட்டம். ஆண்டுக்கணக்கில் இழுத்தேன், இதயத்தைக் காப்பாற்றுகிற பெருமையோடு.

ஒருநாள் அரிசிப்பை பாதி வழியில் இருக்கும்போது கண் இருண்டது. விழித்தபோது ஆஸ்பத்திரி. பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர், காறை எலும்புக்கு அடியில் முறிந்திருந்தது. தொடை வழியாகத் தற்காலிகமாக ஒரு ஒயரை விட்டு உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

“இந்தக் கையால அப்படி என்னதான் செய்றீங்க, மாமா?” என்று என் இடக்கையைக் காட்டி டாக்டரம்மா பர்மியில் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன், டாக்டரம்மாவை மரியாதையாகச் சயாமா என்று விளித்து என் மனைவி முந்திக்கொண்டாள். “மூட்டை இழுக்கறாரு, சயாமா! படி ஏறினா நெஞ்சுக்கு ஆகாதாம்!”

டாக்டரம்மா சிரித்தார். பிறகு முகம் மாறியது. புது ஒயர் போகவேண்டிய ரத்தநாளம் பழைய ஒயரைச் சுற்றி அடைத்துப்போயிருந்தது. வலப்பக்கம், முதல்முறை பேஸ்மேக்கர் வைத்துச் சீழ் பிடித்ததால் கைவிட்ட இடம். இடப்பக்கம் வழி கிடைக்காவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டும். தாங்குவேனா என்று கேட்டேன். முதலில் இடப்பக்கம் பார்ப்போம் என்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே என்று நொந்துகொண்டேன்.

தோளை மட்டும் மரத்துப்போக வைத்துச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். எக்ஸ்ரே திரை எனக்கும் தெரிந்தது. முடி போன்ற ஒரு கம்பி அடைப்பில் முட்டும், வளையும், பின்வாங்கும், மறுபடி முட்டும். நான் காளியம்மனையும் புத்தரையும் மாதாவையும் கூப்பிட்டேன், யாரையும் விடவில்லை. திடீரென்று கம்பி நழுவி அப்பால் போனது. அதன்மேல் ஒரு சின்னப் பலூனை ஏற்றி ஊதினார்கள். நடுவில் இறுகி இருந்த பலூன் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. அந்த வழியே புது ஒயர் இதயத்துக்குள் இறங்கியது.

“கிடைச்சிடுச்சு!” என்று டாக்டரம்மா கத்தியே விட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டப் போனேன். நர்ஸ் என் இடக்கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

காயம் ஆறி, தாராளமாகப் படி ஏறலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள் காலை, நானே இறங்கிப் போனேன். மொஹிங்கா அம்மா வழக்கம்போலப் பொட்டலத்தோடு கயிற்றைப் பிடித்தார். அதை வலக்கையில் வாங்கிக்கொண்டு மணியை மட்டும் அடித்தேன். மனைவி மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இழுக்காதே! நானே ஏறி வர்றேன்!”

தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று ஏறினேன். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றேன். நான்தான் நின்றேன், இதயம் நிற்கவில்லை.