மணலில் முகம் துடைத்தவர்

பிள்ளைகளே, கும்மிடிப்பூண்டியில் ஏற்றிய இரும்புக் கம்பிகளோடு எங்கள் லாரி ராஜஸ்தான் பாலைவனத்தில் நிற்கிறது. ரேடியேட்டர் கொதித்து, எங்களிடம் இருந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டது. இன்னும் கேட்கிறது. சுற்றிலும் மணல்தான். உடம்பெல்லாம் ஒரே அசதி.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வருகிறார். உள்ளங்கைகளை மணலில் தட்டி, முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டு தொழுகிறார்.

"கழுவ அவராண்டயே தண்ணி இல்லண்ணே. பேஜாருதான்," என்கிறான் கூட ஓட்டும் சேகர்.

தொழுது முடித்தவர் தன் மூட்டையிலிருந்து ஒரு கேனை எடுத்து நீட்டுகிறார். நிறையத் தண்ணீர்! கம்பெனியில் வடநாட்டு ஆட்களோடு பழகி இந்தி கற்ற சேகர் அவரிடம் பேசிவிட்டு என்னிடம் திரும்புகிறான்.

"குடிக்கிற தண்ணி கம்மியா இருந்தா தொழறதுக்கு முன்ன கை, மூஞ்சி கழுவ மண்ணே போதுமாம். இது அவருக்கும் ஆடுங்களுக்கும் வச்சிக்கினு கீறாராம்."

"அப்ப நமக்கு இன்னாத்துக்குத் தர்றாரு?"

சேகர் அதை அவரிடம் கேட்கிறான். பெரியவர் லாரியைக் காட்டிச் சிரிக்கிறார்.

"இதுக்கும் தாகந்தானேன்றாருண்ணே."

பாதிக் கேன் ஊற்றியதும் வண்டி கிளம்பத் தயாராகிறது. முகம் கழுவ எனக்கு ஆசைதான். ஆடுகள் என்னையே பார்க்கின்றன. கேனை மூடி அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.