ராணிக்குக் குரல் கொடுத்தவள்

டப்பிங் கூடத்தில் அவளை எல்லோரும் ராணியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கதாநாயகியின் தோழிக்கும் அண்ணிக்கும் வாயசைவு பார்த்துப் பேசி வயிற்றைக் கழுவியவள், ஒரு மாயலோகப் படத்தின் முதல் பாகத்தில் ராணிக்குப் பேசிய பிறகுதான் பெரிய ஆளானாள். மூக்குக்கு மேல் கோபம் வரும். அதையும் மைக்குக்கு முன்னால் காசாக்கத் தெரிந்தவள்.

இரண்டாம் பாகம் வந்தது. விமர்சகர்கள் பறக்கும் நாகத்தைப் புகழ்ந்தார்கள், போர்க்களத்தைப் புகழ்ந்தார்கள். அவர்களில் பெரிய மனிதர் ஒருவர் மட்டும் போகிற போக்கில் ஒரு போடு போட்டார்: ‘மகனைப் பறிகொடுத்த ராணி, சளிபிடித்த அறிவிப்பாளரைப் போல அழுகிறார். அடுத்த பாகத்திலாவது குரலை மாற்றுங்கள்.’ தயாரிப்பாளர் உடனே மூன்றாம் பாகத்துக்கு வேறு குரல் தேடக் கிளம்பிவிட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அழுகையை அழுதுவிட்டுத் தொண்டை கட்டி, கணவனிடம் கையை ஆட்டி ஆட்டியே சண்டை போட்டவள் அவள். விறுவிறுவென்று ஒலிக்கூடத்துக்குப் போனாள். ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. பத்திரிகைக்காரங்களுக்குப் போட்ட காட்சியில மட்டும் அவசரத்துல பழைய குரல் போயிடுச்சு. தியேட்டர்ல ஓடுறது உங்க குரல்தான்.”

பழைய குரல் என்றால், படத்தை வெட்டி ஒட்டும்போது அளவு பார்ப்பதற்காக யாரையாவது பேசவைத்துச் சேர்ப்பது. அன்று மாட்டியவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த கணக்குப் பிரிவுப் பெண்.

“அதை வெளிய சொல்றதுக்கென்ன?”

“தயாரிப்பாளர் வேணாம்னுட்டாரு. அரைகுறைப் படத்தைக் காட்டினோம்னு தெரிஞ்சா மானம் போயிடுமாம்.”

“அவர் மானம் போகக் கூடாது. என் பொழைப்பு போகலாம், அப்படித்தானே?”

எவனோ செய்த தப்புக்கு இவள் தலை உருள வேண்டுமாம்! அந்த விமர்சகரின் எண்ணை ஒலிப்பதிவாளரிடமே பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கி அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். விமர்சகர் நம்பவில்லை.

“அப்ப கேளுங்க” என்றவள், நடுத்தெரு என்றும் பாராமல் ராணியின் அழுகையை அழுதாள். எதிர்க்கடைக்காரர் பதறிப்போய்த் தண்ணீரோடு ஓடிவந்தார்.

மறுமுனையில் விமர்சகரின் குரல் தணிந்தது.

“நான் கேட்டது இது இல்லம்மா. உடம்பு சிலிர்த்துப் போச்சு.”

“அதை எழுதுங்க.”

“படம் வந்து மூணு வாரமாச்சு. இனிமே எழுதினா யாரும்மா படிக்கப்போறா?”

அவள் தண்ணீரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள்.

“மூணாம் பாகத்துக்குக் குரல் தேடுறவங்க படிப்பாங்க. எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”