ஏழுமலை பார்த்த நாய்

ஒயர்லெஸ் கேமராவில் ஒயர் மட்டும்தான் இருக்காது; மற்ற எல்லாத் தொல்லையும் பெட்டியிலேயே சேர்ந்து வரும்.

லாரிக்குப் பின்னால் ஒரு கேமரா, டிரைவருக்கு முன்னால் ஒரு சின்ன மானிட்டர். இரண்டையும் மாட்டிவிட்டு வருவது என் வேலை. எங்கள் கடை தி. நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கேமரா மாட்ட ஆள் வருகிறது என்று காத்திருப்பவர்கள், நான் ஏணியோடு ஆட்டோவிலிருந்து இறங்கியதும், பின்னால் யாராவது ஆம்பிளை வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். வரமாட்டார். கொஞ்ச நேரத்தில் அவர்களே ஏணியைப் பிடித்துக்கொள்வார்கள். "சுவிட்ச் போட்டீங்களா?" என்று கேட்டே வயிறு வளர்க்கும் என் இனத்தாரே, ஏசி மெக்கானிக்குகளே, இன்வெர்ட்டர்காரர்களே, இதில் உங்கள் கதையும் எங்காவது இருக்கும்.

ஒயர் எங்கே?

சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டி தனசேகரின் ஷெட். ஒன்பது தண்ணி லாரிக்கு முதலாளி. முதல் லாரிக்கு மாட்டி முடித்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு, பின்னால் இருக்கிற படம் முன்னால் எப்படி வருகிறது என்று கேட்டார். காற்றில் வருகிறது என்றேன். ஒரு கேமராவுக்கு ஒரு மானிட்டர், கடையிலேயே ஜோடி சேர்த்துத்தான் கொண்டுவருவோம், இந்த மானிட்டர் இந்தக் கேமராவைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது என்று விளக்கினேன். அவர் லாரியைச் சுற்றி வந்தார். குனிந்து சேஸிஸுக்கு அடியில் பார்த்தார். டேங்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஏம்மா, ஒயரும் குடுக்கல, வெலயும் ஜாஸ்தி சொல்றே. இன்னா ஞாயம் இது?"

முருகன் ஓட்டிய லாரி

பின்பக்கக் கேமரா போதாது என்று, டிரைவர் முகத்தைப் பார்க்க இன்னொன்றும் வேண்டும் என்றார் தனசேகர். அது சிம் கார்டு போட்டது. படம் நேராக அவர் போனுக்குப் போய்விடும். மாட்டிய முதல் நாள் ஒன்பது டிரைவர்களும் தலைவாரி, விபூதி இட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்களாட்டம் வண்டி எடுத்தார்கள். மறுநாள் ஒரு கேமரா மேல் துண்டு தொங்கியது. இன்னொன்றுக்கு நேர் எதிரே ஒரு முருகன் படம் வந்து உட்கார்ந்தது. அன்று முழுக்க அந்த லாரியை முருகன்தான் ஓட்டினார், முதலாளி போனில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த லாரியின் டிரைவர் செல்வம். அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். செல்வம் கொஞ்சமும் பதறவில்லை.

"நா ஓட்டறேனா இல்லியானுதான பாக்கணும்? வண்டி நவுருதுல்ல? அப்ப நான்தான் ஓட்டறேன்."

போனில் ஒரு நோயாளி

இது சைதாப்பேட்டை கதை இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பாண்டி பஜார் பக்கம் சரக்கு இறக்கும் ஒரு பார்சல் லாரியிலிருந்து போன். படம் மங்கலாக இருக்கிறதாம். பின்னால் போய்க் கேமரா கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள் என்றேன். துடைத்துவிட்டேன், அப்படியேதான் இருக்கிறது என்றார். சோப்புத் தண்ணீரில் துடையுங்கள் என்றேன். அதுவும் ஆயிற்று. எனக்குச் சந்தேகம் வந்து, எதைத் துடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"டிவியதான் மேடம். நா நல்லா பளபளன்னு தொடச்சுட்டேன், ஊருதான் அழுக்கா கீது."

தலை வெளியே, தலை உள்ளே

தனசேகரிடம் இருப்பவர்களில் மூத்த டிரைவர் ஏழுமலை. குடும்பத்தை ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊர்க்கோடியில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கு அரசாங்கம் மாற்றிவிட்டது. விடிவதற்குள் பஸ் பிடித்து ஷெட்டுக்கு வருகிற மனுஷன். ரிவர்ஸ் எடுக்கும்போது ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டமாட்டார், பாதி ஆளே வெளியே வந்துவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் முதலாளி போனில் பார்த்தால் டிரைவர் சீட்டில் இடுப்பு மட்டும் தெரிகிறது. உடனே போன் பறக்கும்: தலையை உள்ளே போடு, டிவியைப் பார். பின்னால் நின்று "வா, வா, வா" சொல்கிற கிளீனர்களையும், அதான் கேமரா இருக்கே என்று ஷெட்டில் தண்ணி ஏற்றுகிற மோட்டாரைப் பார்க்க வைத்துவிட்டார். இனிமேல் யார் வண்டியில் அடி விழுகிறதோ அவனுக்கு அன்றே கணக்கு முடித்துவிடுவேன் என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

நான் அங்கேதான் ஒரு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏழுமலைக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

"லாரி பின்னால போவுது மொதலாளி. நா முன்னால கீற டிவிய பாத்தா எப்டி?"

பொட்டு

ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நான் போனது பொரிகடலைக்காக இல்லை. சந்தனம் குங்குமம் எல்லாம் லென்ஸில் அப்பிவிட்டால் மறுநாள் ஒன்பது லாரிக்கும் நான்தான் ஏணி போட வேண்டும். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கேமராவுக்கும் லென்ஸைச் சுற்றி வட்டமாக, அளந்து வைத்த மாதிரி பொட்டு. கண்ணாடியில் துளி படவில்லை.

அம்மன் படத்துக்கு முன்னால் ஸ்பேனர், ஜாக்கி, ஹோஸ் இவற்றோடு ஒன்பது மானிட்டர்களையும் கழற்றிக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள், மாலை போட்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பொரியை வாங்கிக்கொண்டு, செல்வத்திடம் லென்ஸை இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னேன்.

"கண்ணுல பட்டா எரியும்ல மேடம்?"

மயிலாப்பூரில் ஒரு கேட்

பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து மயிலாப்பூரில் ஒரு சந்துக்கு இரண்டு லோடு. செல்வத்தின் லாரி தெருமுனையில் காத்திருக்க, ஏழுமலை முதலில் ரிவர்ஸில் உள்ளே போனார். இரண்டு பக்கமும் கார் நிற்கிற சந்து. சைடு கண்ணாடியை மடக்கினால்தான் லாரி நுழையும். முதலாளி போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழுமலை அன்றைக்கென்று சொன்ன பேச்சைக் கேட்டார். தலையை உள்ளே வைத்து, டிவியை மட்டும் பார்த்து, நிதானமாகப் பின்னால் வந்தார். ஒரு வீட்டு கேட்டும் அதைத் தாங்கிய தூணும் சாய்ந்தன. கேட்டுக்குப் பின்னால் யாரும் நிற்காதது தெய்வாதீனம்.

டிவியில் ரோடு காலியாக இருந்தது, ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது என்று ஏழுமலை சொன்னார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். குடித்திருக்கிறான் என்று முடிவு செய்துவிட்டார் தனசேகர். அன்றே சாவியை வாங்கிக்கொண்டார். கேமரா சரியாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல என்னை வரவழைத்தார். போய்ப் பார்த்தேன். பொட்டோடு லென்ஸ் சுத்தமாக இருந்தது, மானிட்டரில் விளக்கு எரிந்தது. ரிவர்ஸ் தட்டிப் படத்தைப் பார்க்காமலே, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஏழுமலை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த வயதில், கேட்டை இடித்தவர் என்ற பெயரோடு போனால் யார் லாரி கொடுப்பார்கள்? எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்கார மாமாவிடம் நாயைப் பற்றிக் கேட்டேன்.

"எங்காத்து வாசல்ல நாயே கெடையாதும்மா. நேத்திக்கு வரைக்கும் கேட்தான் இருந்தது, இப்போ அதுவும் இல்லே."

செல்வம் சாப்பிடுகிறான்

இல்லாத நாயை ஒரு மனுஷன் எதற்காகச் சொல்ல வேண்டும்? பொய் சொல்கிறவர் குறுக்கே மாடு வந்தது, ஸ்கூட்டர் வந்தது என்று உதவிக்கு வருகிற மாதிரி ஏதாவது சொல்வார். படுத்திருக்கிற நாயால் யாருக்கு என்ன லாபம்? மறுநாள் காலை ஷெட்டுக்குப் போய் ஏழுமலையின் லாரியில் ஏறி, ஷெட் ஆணியில் தொங்கிய சாவியைப் போட்டு, ரிவர்ஸ் தட்டினேன். மானிட்டரில் செல்வம் தெரிந்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனை நசுக்கிவிடப் போகிறோமே என்று பதறி இறங்கிப் பின்னால் ஓடினேன். அங்கே சுவர்தான் இருந்தது.

செல்வம் நாலு லாரி தள்ளி, அவன் லாரிக்குப் பின்னால் இருந்தான். பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைப் போட்டு வைத்திருந்தான்; சாவி போட்டால் கேமராவும் விழித்துக்கொள்ளும். நான் கேபினில் ஏறிக்கொண்டு, கையைத் தூக்கு என்று கத்தினேன். மானிட்டரில் ஒரு கை இட்லியோடு மேலே போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூஜைக்குக் கழற்றிய ஒன்பது மானிட்டர்களையும், மாலையை எடுத்துவிட்டு, கைக்கு வந்ததை வந்த லாரியில் மாட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான லாரிகளில் மானிட்டரின் ஜோடிக் கேமரா வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்ததால் திரை வெறும் நீலமாக இருந்திருக்கிறது. ஏன் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். பூஜைக்கு அப்புறம் டிவி சாந்தமாகிவிட்டது என்று நினைத்தார்களாம். ஏழுமலையின் மானிட்டர் மட்டும் தெருமுனையில் பாட்டோடு நின்ற செல்வம் லாரிக்குப் பின்னால் இருந்த ரோட்டை அவருக்குக் காட்டியிருக்கிறது. நாயைப் பற்றிச் செல்வத்திடம் கேட்டேன்.

"அது டீக்கட நாய் மேடம்! என் வண்டி பின்னாலதான் படுத்துக்கினு இருந்திச்சு. அத்த எழுப்ப மனசில்லாமதான் நா வண்டிய நவுத்தவே இல்ல."

கழற்றச் சொன்னார்

தனசேகரையும் ஏழுமலையையும் வரவழைத்து, செல்வத்தை இரண்டாவது தடவை கையைத் தூக்க வைத்துக் காட்டினேன். நேற்று நன்றாக இருக்கிறது என்று சொன்ன வாயாலேயே இதையும் சொல்ல வேண்டியிருந்தது. தனசேகர் இறங்கிப் பின்னால் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். கேட்டை நானே கட்டித் தருகிறேன் என்று முனகினார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் முதலாளிகளுக்குக் கிடையாது. சாவியை ஏழுமலையின் கையில் திணித்து, "போ, போ, லோடு நிக்குது. தலைய வெளியவே வச்சுக்க" என்றார். பிறகு கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. ஒன்பது லாரியிலும் இருக்கிற எல்லாவற்றையும் இன்றைக்கே கழற்றி எடுத்துக்கொண்டு போ என்றார்.

நான் ஏணியை எடுத்துச் சாய்த்தேன். லாரியில் ஏறப் போன ஏழுமலை இறங்கி வந்து ஏணியைப் பிடித்தார். எனக்காகப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஏறவிடாமல் பிடித்திருந்தார்.

"அத்த வேலய வுட்டுத் தூக்காதீங்க மொதலாளி. அது பாத்தததான் சொல்லிச்சு. நானும் அத்தயேதான் சொன்னேன்."

இப்போது ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் அழைப்பு எனக்குத்தான் வருகிறது: லாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிற நான், பொரியை மடியில் கட்டிக்கொண்டு, எந்த டிவிக்கு எந்த லாரி என்று காட்டிவிட்டு வருகிறேன்.