மாப்பிள்ளை வண்டி

நாச்சியாபுரத்துச் சேவுகப்பெருமாள் தன் வாழ்நாளில் எதையும் அளந்து போட்டவர் இல்லை. கல்யாணச் சமையல்காரர். ஆயிரம் இலைக்குச் சமைத்தாலும் உப்பு அவர் கையிலிருந்துதான் விழும். தராசும் படியும் கைப்பக்குவம் இல்லாதவன் வைத்துக்கொள்வது என்பார். காரைக்குடி மண்டபங்களில் அவருக்கு அப்படி ஒரு பேர். பேர் வந்தால் கூடவே திமிரும் வராமல் இருக்குமா? வந்தது. வீட்டிலும் அதே கையோடுதான் நடந்தார். மகளுக்கு எது எவ்வளவு வேண்டும் என்பதையும் தன் கண்ணால் பார்த்தே முடிவு செய்துகொண்டார்.

மகள் செந்தாமரை தாயில்லாப் பிள்ளை. காரைக்குடியில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தவளை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தி, அரியக்குடிப் பக்கம் முத்தரசுக்குக் கட்டிக்கொடுத்தார். நிலபுலன் உள்ள குடும்பம், பையனுக்கு மாதச் சம்பளம், வேறென்ன வேண்டும் என்றார். சீரோடு சீராக ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கி, மாலை போட்டு நிறுத்தினார். மாப்பிள்ளை குடித்துவிட்டு அதை ஒருமுறை பாலத்துச் சுவரில் உரசினான். இன்னொரு முறை ஜல்லி மேல் சாய்த்தான். டேங்க்கிலும் இரண்டு பக்கத்துப் பேனல்களிலும் பூனை பிறாண்டிய மாதிரி கோடு கோடாகக் கீறல்.

வண்டியைக் கீழே போட்டவன் இவன். கோபம் யார் மேல் வந்தது? மாமனார் மேல். மட்டமான வண்டியை வாங்கித் தலையில் கட்டிவிட்டாராம்! ஒரு நாள் காலையில் செந்தாமரையைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிவந்து, வண்டியையும் அவளையும் மாமனார் வாசலில் இறக்கினான்.

"புது வண்டி வாங்கித் தாங்க மாமா, இல்ல இதையே புதுசாக்கித் தாங்க. இந்தக் கீறலோட எங்க சனத்துக்கு முன்னால போக முடியல. சரியானதும் சொல்லி விடுங்க. வண்டியையும் ஒங்க மகளையும் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறிப் போய்விட்டான்.

என்ன வெட்கங்கெட்ட பேச்சு! கேட்ட தகப்பனுக்கு ரத்தம் கொதித்திருக்க வேண்டாமா? சேவுகப்பெருமாளுக்கோ வேறு கவலை. வாழாவெட்டி என்று ஒரு சொல் இருக்கிறதே, அது தன் வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுமோ என்று பயந்தார். செந்தாமரை பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாவம், புருஷனை விட்டு வந்த வருத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

புது வண்டிக்கு அவரிடம் வழியில்லை. பெயிண்ட் அடித்தால் ஒட்டுவேலை என்று மாப்பிள்ளை முகத்தைத் திருப்புவான். இதே யோசனையாகத் திரிந்தவர், ஒரு மண்டபத்து வாசலில் வேறொருவர் வண்டியைப் பார்த்தார். டேங்க் முழுக்கப் பாய் பின்னியது போலக் கறுப்பு இழை. அதன் மேல் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு.

"கார்பன் ஃபைபரு மாஸ்டர். வீட்டுலயே நானா ஒட்டுனது. துணிய விரிச்சு ரெசின ஊத்துனாப் போதும்" என்றார் வண்டிக்காரர்.

ஊற்றினால் போதுமா! அப்படியானால் அது நம்ம வேலை என்று சேவுகப்பெருமாளுக்குத் தலைகால் புரியவில்லை. மகளிடம் சொல்லிப் போனிலேயே எல்லாவற்றையும் வரவழைத்தார். பார்சலில் கறுப்புத் துணி, ரெசின் என்கிற பிசின் ஒரு டப்பா, ரெசினை இறுக வைக்கிற ஹார்டனர் ஒரு சின்ன டப்பா. இரண்டிலும் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து. செந்தாமரை டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுக் கீழே வைத்தாள். அவர் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

கொல்லைக் கொட்டகையில் டேங்க்கையும் பேனல்களையும் கழற்றிப் போட்டு உப்புத்தாளால் தேய்த்தார். அடேயப்பா, என்ன தேய்ப்பு! கம்பெனி பெயிண்ட் மொத்தமும் பவுடராகக் கொட்டியது. தின்னர் போட்டுத் துடைத்தார். செந்தாமரை துணியை அளவு பார்த்து, இழை கலையாமல் வெட்டிக்கொடுத்தாள். பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி டப்பா ரெசினை ஊற்றி, அதன் மேல் சின்ன டப்பாவை அப்படியே கவிழ்த்தார்.

"கூடப் போட்டாத்தான் சுருக்கா இறுகும். பாலுக்கு ஒற மோர் கூட விட்டா வெரசாத் தோயுதுல்ல? மாப்பிள்ளைய வெள்ளிக்கெழமையே வரச் சொல்லிரலாம்" என்றார். கலக்கக் கலக்க டம்ளர் கையைச் சுட்டது. "பாத்தியா, வேல செய்யுது!"

செந்தாமரை துணியின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒரு பூச்சு, அதன் மேல் துணி, துணிக்கு மேல் இன்னொரு பூச்சு. சாயங்கால வெயிலில் டேங்க் தகதகவென்று மின்னியது. சேவுகப்பெருமாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே போன் போட்டு, "வண்டி ரெடி மாப்பிள்ள, வெள்ளிக்கெழம வந்து பாருங்க, அசந்து போவீக" என்றார்.

மறுநாள் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டியது. வெயிலில் வைத்தார். ஒட்டியது. இன்னொரு பகல் முழுக்க வைத்தார். அப்போதும் ஒட்டியது. எறும்பும் கோழி இறகும் சேர்ந்து ஒட்டியதுதான் மிச்சம். ஹார்டனரும் தீர்ந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டதே, வேறென்ன செய்வது? இறகைப் பிய்த்துவிட்டு எல்லாவற்றையும் வண்டியில் மாட்டி வாசலில் நிறுத்தினார். உள்ளே திரும்பி, "சேலய மாத்திக்கிட்டுப் பைய எடுத்து வையித்தா" என்று குரல் கொடுத்தார்.

முத்தரசு வந்தான். தூரத்திலிருந்து பார்த்தபோது அவன் முகம் மலர்ந்தது உண்மை. "பரவாயில்லையே மாமா!" என்றபடி ஏறி உட்கார்ந்து, முழங்கால் இரண்டையும் டேங்க்கில் அணைத்துக்கொண்டான். இறங்கப் பார்த்தால் பேண்ட் வரவில்லை. பிய்த்துக்கொண்டு இறங்கினான். சலவை பேண்ட் பிசுபிசு என்று கறையாகிவிட்டது.

"என்ன மாமா இது, கருப்பட்டிப் பாகா காச்சி ஊத்தியிருக்கீக? உள்ளதையும் கெடுத்துட்டீகளே!" என்று தெருவே கேட்கக் கத்தினான். "புது வண்டி வாங்குன அன்னைக்குக் கூப்புடுங்க. அதுவரைக்கும் ரெண்டும் இங்குட்டே கெடக்கட்டும்."

அவன் தலை மறைந்ததும் சேவுகப்பெருமாள் கொல்லைக்குப் போய் டப்பாவை உதைத்தார். "எதுல தப்புனேன்? எங்கடா தப்புனேன்?"

"ஹார்டனர் சாஸ்தியாப் போச்சுப்பா" என்றாள் செந்தாமரை. "ரெசின் மூணு பங்குன்னா அது ஒரு பங்குதான். கூடிப்போனா என்னைக்குமே இறுகாது. டப்பாவுலயே எழுதியிருக்கு."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கலக்கும்போது பக்கத்துலதானேடி நின்ன! ஒரு வார்த்த சொல்ல வாய் வரலையா?"

"சொல்லியிருந்தா இறுகியிருக்கும்ப்பா. இறுகியிருந்தா இந்நேரம் என்னைய அந்த வண்டியில ஏத்தி விட்டிருப்பீக."

கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி! போகப் பிடிக்கலேன்னா அதையாச்சும் என்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னேனே. ஆடிக்கு வந்தப்ப முதுகக் காட்டித்தானே சொன்னேன். பெல்ட்டால அடிச்ச தடத்தப் பாத்தீக. 'கொஞ்சம் பொறுத்துப் போத்தா, சரியாயிரும்'னீக."

அவளுக்குக் குரல் உடையவில்லை, கண் கலங்கவில்லை. அதுதான் அவரை அறுத்தது. அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தடம் கன்றிச் சிவந்திருந்தது. பார்த்துவிட்டு, இதெல்லாம் சின்ன விஷயம் என்று அவராகவே முடிவுகட்டி, மாப்பிள்ளைக்குக் கறி எடுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பியிருந்தார்.