லித்தியானா சொன்ன ‘யெஸ்’

ஃபிஜியின் சுவா நகரில் எங்கள் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜை லித்தியானாவுடையது. மேற்பார்வையாளர் பதவிக்காக அவள் ஆறு மாதம் ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் போனாள். நன்றாகவே தேறியிருந்தாள்.

அந்தப் பதவியை முடிவு செய்பவர் சிட்னி மேலாளர் கிரெக். ஒருநாள் அவர் தொலைபேசியில், “கண்டெய்னர் இன்னும் கிளம்பலையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“யெஸ்” என்றாள் லித்தியானா. ஃபிஜி மொழியில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்: ஆமாம், கிளம்பவில்லை. ஆங்கிலத்திலோ அந்தக் கேள்விக்கு ‘யெஸ்’ என்றால் கிளம்பிவிட்டது என்று பொருள். அவர் அப்படியே எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரிடமும் சொல்லிவிட்டார்.

மறுநாள் உண்மை தெரிந்ததும் கத்தினார். “கிளம்பிடுச்சுன்னு நீதானே சொன்ன?”

“கிளம்பலையான்னு கேட்டீங்க. நீங்க கேட்டது சரின்னுதான் சொன்னேன்.”

பதவி வேறொருவருக்குப் போனது. அவளுக்கு, மறுபடியும் அதே வகுப்பில் சேரச் சொல்லி ஒரு படிவம் வந்தது.

“இனிமே அந்த ஆளு எது கேட்டாலும் ‘நோ’ன்னு சொல்லிடுக்கா” என்று சீண்டினான் பக்கத்து மேஜை அபிசாய்.

“அவர் கேள்வியிலயே ஒரு ‘இல்லை’ இருக்கே. நான் வேற எதுக்குடா இன்னொண்ணு சொல்லணும்?”

அவள் தர்க்கத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. படிவத்தில் ‘உங்கள் குறை என்ன?’ என்று கேட்டிருந்த இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘உச்சரிப்பு’ என்று எழுதினாள்.